ஏகாம்பரத்தின் கைராசியும் என் கறுப்பு வில்லையும்

ஏகாம்பரத்தின் கைராசியை அழித்தவன் நான்தான்.

எதற்காக அழித்தேன் என்று கேளுங்கள். பகையா? பொறாமையா? அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாகவாவது இருக்கும். ஒரு கறுப்பு வில்லையை லாரி ஜாக்கியில் வைத்து நசுக்குவதற்காக அழித்தேன்! கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற ஒருவன், பூட்டிக் கிடந்த சினை ஊசி நிலையத்தைத் திறந்து, ஆளில்லாத நேரத்தில் உள்ளே போய்...

எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள். வார இதழ்களுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பழகியவன் நான். சிரிப்பு எனக்கு முகத்தில் போட்டுக்கொள்ளும் துண்டு மாதிரி.

என்னையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டுக்கொண்டே படியுங்கள். நான் அந்த வருடங்களில் எல்லோரையும் அப்படித்தான் படித்தேன். ஒரே ஓர் ஆளைத் தவிர... அந்த ஆள் நான்.

ஏகாம்பரம் என் நண்பர், கால்நடை ஆய்வாளர். அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் அறையும் ஒரு வேப்பமரமும் உள்ள கால்நடை நிலையத்துக்கு அவர்தான் எல்லாம். பசு பருவத்துக்கு வந்து கத்தினால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். வழியில் வேறு இரண்டு நிலையங்கள் இருந்தாலும் தாண்டி வருவார்கள். ஏன்? அவர் ஊசி போட்டால் சினை நிற்கும். அவ்வளவுதான். "ஏகாம்பரம் கைய வச்சா செனைதான்" என்பது அந்தப் பக்கத்தில் வாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மை.

கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போது உதடு கோணும். நான் பகுத்தறிவாளன். விஞ்ஞானம் படித்தவன். பாருங்கள், எத்தனை அழகான ஆள்!

அவரிடம் ஒரு கேன் இருந்தது. இடுப்பு உயரத்தில், கழுத்து குறுகலாக, பால்காரர் கேனுக்குப் பணக்காரச் சொந்தக்காரன் போல. அதில் திரவ நைட்ரஜன். அதற்குள், காளை விந்தை அடைத்து உறையவைத்த மெல்லிய குச்சிகள் மூழ்கிக் கிடக்கும். அந்தக் குளிரில் இருக்கும்வரை உயிர். குளிர் விட்டுப்போனால் செத்துவிடும். செத்த குச்சியை மறுபடி குளிரில் போட்டாலும் செத்ததுதான். ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்... இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்தக் குச்சிகளைப் பற்றிக் கவலையில்லை. எனக்கு வேண்டியது குளிர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தாமிர ஆக்சைடில் செய்த மீக்கடத்திகளைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்தது. மின்தடை துளிகூட இல்லாமல் மின்சாரத்தை ஓடவிடும் பொருள்கள். அதுவும் திரவ நைட்ரஜனின் குளிரே போதும். நான் கல்லூரி வேதியியல் துறையின் உலையைக் கெஞ்சி வாங்கி, இரண்டு வெள்ளைப் பொடிகளையும் ஒரு கறுப்புப் பொடியையும் அரைத்து, அழுத்தி, சுட்டு, ஒரு வில்லை செய்தேன். சட்டைப் பொத்தான் அளவு. அதைத் திரவ நைட்ரஜனில் போட்டால் அதன் மேல் ஒரு சின்னக் காந்தம் அந்தரத்தில் மிதக்க வேண்டும்.

ஏகாம்பரம் தன் கேனிலிருந்து ஒரு பிளாஸ்க் நிறைய ஊற்றிக்கொண்டு, தானே சைக்கிளில் கொண்டுவந்தார். அவருக்கு என்னைவிட ஆர்வம்.

"காந்தம் பறக்குமா சார்?"

"பறக்காது. மிதக்கும்."

மிதக்கவில்லை. வில்லையின் மேல் பரம சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"பரவால்ல சார், உடுங்க," என்றார் ஏகாம்பரம். "மாடு கூட மொத தபா நிக்காது."

என் வில்லையில் என்ன குறை? இதைச் சொல்ல ஒரு டவுன் பஸ் வேண்டும்.

பஸ்ஸின் பின்பக்கம் ஜனங்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆள். ஒருவரும் நகர முடியாது, நகர இடமே இல்லை. இந்தப் பொருள்களில் தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்து தட்டையான அடுக்குகளாக இருக்கின்றன. அந்த அடுக்கில் எலக்ட்ரான்கள் நிற்பது அப்படித்தான். மின்சாரம் ஓட வழியில்லை. இப்போது கூட்டத்திலிருந்து சிலரைப் பக்கத்து அடுக்குக்கு அனுப்பிவிட்டால் அங்கங்கே காலி இடம் விழும். மற்றவர்கள் நகரலாம். காலி இடமும் போதுமாகி, குளிரும் போதுமானால், எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து எதிலும் இடித்துக்கொள்ளாமல் ஓடத் தொடங்குகின்றன. தடை பூஜ்யம்.

காலி இடம் உண்டாக்க வழக்கமான வழி, சுடும்போது ஆக்சிஜனை நிறைய ஊட்டுவது. அது எங்கள் கல்லூரி உலையால் ஆகாது. அது ஊட்டியதெல்லாம் புகைதான்.

இன்னொரு வழி இருந்தது. அழுத்தம்!

பொருளை எல்லாப் பக்கமும் நசுக்கினால் அடுக்குகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நெருங்கியதும் தாமிர அடுக்கிலிருந்து சில எலக்ட்ரான்கள் பக்கத்து அடுக்குக்குத் தாவிவிடுகின்றன. கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல. ஒரு சிட்டிகை ஆக்சிஜன் சேர்க்காமலேயே காலி இடம் கிடைத்துவிடும். அளவுக்கு மேல் நசுக்கினால் காலி இடம் அதிகமாகி மறுபடி கெட்டும் போகும், அது வேறு. பாதரசம் கலந்த ஒரு தாமிர ஆக்சைடை இப்படி நசுக்கி, அதுவரை எந்தப் பொருளும் எட்டாத வெப்பநிலையிலேயே மீக்கடத்தச் செய்துவிட்டார்கள் என்று படித்தேன். எவ்வளவு குளிர்வித்தாலும் மசியாத இன்னொரு தாமிர ஆக்சைடு, நசுக்கியதும் மசிந்தது என்று கொஞ்ச காலம் கழித்துப் படித்தேன்.

அப்படியானால் குறைப்பிரசவமான என் வில்லையையும் நசுக்கினால்? திரவ நைட்ரஜனின் குளிரில் கொஞ்சத்தில் தவறிப்போன அதை, ஓர் அழுத்து அழுத்தினால்?

அந்த ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வைரங்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினார்கள். என்னிடம் வைரம் இல்லை. என் மனைவியின் மூக்குத்தியில் ஒன்று இருந்தது, கேட்கத் தைரியமில்லை. அவலூர்பேட்டை சாலையில் ஒரு லேத் பட்டறையில், கெட்டியான எஃகுக் கட்டியில் துளை போட்டு, அதற்குள் இறங்கும் தண்டு ஒன்றையும் கடைந்து வாங்கினேன். உள்ளே வில்லை. அதிலிருந்து மெல்லிய கம்பிகள் வெளியே. தண்டின் மேல் லாரி ஜாக்கி. நசுக்கிய நிலையிலேயே ஒரு பெரிய நட்டை முறுக்கிப் பூட்டிவிட்டு, கட்டியோடு குளிரில் இறக்குவது. தடை பூஜ்யமானால் மீட்டர் சொல்லிவிடும்.

ஒரு சங்கடம். வில்லையைக் குளிர்விக்க ஒரு டம்ளர் நைட்ரஜன் போதும். எஃகுக் கட்டியைக் குளிர்விக்க? அது ஒரு மொடாக்குடியன். ஏகாம்பரம் கொடுத்த பிளாஸ்க் முழுவதையும் உறிஞ்சிவிட்டு, இன்னும் சூடாகவே உட்கார்ந்திருந்தது.

இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்டிருந்தால் அவரே அளந்து பார்த்து, எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார். நான் ஏன் கேட்கவில்லை?

இங்கேதான் மோகன் வருகிறார்.

மோகன் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் விரிவுரையாளர். சென்னையில் படித்தவர். சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போடுவார். இதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒருநாள் ஆய்வகத்து வாசலில் நின்று, "இன்னா சார், ஜாக்கியெல்லாம் வச்சிருக்கீங்க, பஞ்சரா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. எனக்கு அப்படிப் படவில்லை. இவன் ஏன் கேட்கிறான்? யாருக்காகக் கேட்கிறான்? நான் கஷ்டப்பட்டு நசுக்க, இவன் சென்னைக்குப் போய்ப் பேர் வாங்குவானோ?

அன்றிலிருந்து ஆய்வகத்துக்குப் புதுப் பூட்டு. ஜாக்கியின் மேல் கோணி. மோகனும் ஏகாம்பரமும் ஒரே கடையில் டீ குடிப்பதைப் பார்த்த பிறகு ஏகாம்பரத்திடமும் வாயைத் திறப்பதில்லை. எவ்வளவு நைட்ரஜன் கேட்டேன் என்று தெரிந்தால் மோகன் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார் என்று, சத்தியமாக, நம்பினேன்!

மோகன் அந்த நாட்களில் மீக்கடத்தியைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அவர் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடமே தேறி, எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது.

கார்த்திகை வந்தது. தீபத்துக்குக் கல்லூரி விடுமுறை. ஏகாம்பரம் மாமனார் ஊரான போளூருக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். போகிற வழியில் என் வீட்டுக்கு வந்து நிலையத்துச் சாவியைக் கொடுத்தார்.

"நாளைக்கி நைட்ரஜன் வண்டி வரும் சார். கதவ மட்டும் தெறந்து உடுங்க, அவங்களே நெரப்பிட்டுப் போயிடுவாங்க. ஒருவேள வண்டி லேட்டானா கூட கவல இல்ல, கேன்ல கீது. தீபம் முடியற வரைக்கும் தாங்கும்."

"நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க."

"உங்ககிட்ட குடுத்தா எனக்கு நிம்மதி சார்."

நிம்மதி... அவர் சொன்ன சொல் அதுதான்.

அவர் பஸ் ஏறியதும் நான் நிலையத்துக்குப் போனேன். என் மனதில் கணக்குத் தெளிவாக இருந்தது. நாளைக்கு வண்டி வரும். நாளைக்கு நிரப்புவார்கள். இன்றைக்கு இருப்பதை எடுத்தால் யாருக்கு நஷ்டம்? பெரிய பாத்திரத்தில் கவிழ்த்தேன். வெள்ளைப் புகை கணுக்காலைச் சுற்றியது. கேனில் அடியில் கொஞ்சம் சலசலத்தது, அதையும் கவிழ்த்தேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, தீபத்துக்கு இப்பவே சாம்பிராணியா?" என்றார்.

எஃகுக் கட்டி குடித்தது. குடித்தது. கடைசியில் குளிர்ந்தது. மீட்டரைப் பார்த்தேன்.

பூஜ்யம்!

நசுக்கினேன், மீக்கடத்தியாயிற்று! திருவண்ணாமலையில், லாரி ஜாக்கியால்! மனதுக்குள் ஒரு பாராட்டு விழாவையே நடத்தி முடித்தேன். ஏற்புரையில் மோகனைக்கூட மன்னித்தேன்.

நைட்ரஜன் ஆவியாகித் தீர்ந்தது. கட்டி மெல்ல மெல்லச் சூடேறியது. மீட்டர் அப்போதும் பூஜ்யம். கட்டியின் மேல் படிந்திருந்த பனி உருகி வழிந்தது. பூஜ்யம். கையால் தொடும் அளவுக்கு வந்துவிட்டது. பூஜ்யம்!

இதற்கு இரண்டு அர்த்தங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, உலகம் தேடிக்கொண்டிருந்த அறைவெப்ப மீக்கடத்தியை நான் கண்டுபிடித்துவிட்டேன். இன்னொன்றை முதல் ஆண்டு மாணவனே சொல்லிவிடுவான். நான் கொஞ்ச நேரம் முதலாவதை நம்பினேன்... இதையும் எழுதிவிடுகிறேன், எழுதாமல் விட்டால் ஒப்புதல் ஆகாது. அதன்பின் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். மோகன் கை வைத்திருப்பானோ என்றும் சந்தேகப்பட்டேன். எல்லாம் தீர்ந்த பிறகுதான் நட்டைக் கழற்றினேன். நசுக்கிய நசுக்கில் கம்பிகளின் மேலுறை கிழிந்து, இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மின்சாரம் என் வில்லையை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. வில்லை பொடிப்பொடியாகிக் கிடந்தது.

மறுநாள் வண்டி வரவில்லை.

எப்படி வரும்? தீபத்துக்கு ஊருக்குள் வரும் எல்லா வழியிலும் வண்டிகளை மறித்துவிட்டார்கள். இந்த ஊரில் எத்தனையோ வருடம் இருக்கிறவன் நான். வருடா வருடம் என் ஸ்கூட்டரையே அந்தத் தடுப்பில் நிறுத்திவிட்டு நடந்து போகிறவன். எனக்கு அது ஞாபகம் வரவில்லை! ஏகாம்பரத்துக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் தீபம் முடியும்வரை தாங்கும்படி விட்டுவைத்திருந்தார்.

மலை உச்சியில் தீபம் எரிந்தது. கிரிவலப் பாதை முழுக்க ஜன சமுத்திரம். நான் கூட்டத்தில் நீந்தி நிலையத்துக்குப் போய்க் கேனின் மூடியைத் தூக்கினேன். புகை வரவில்லை. உள்ளே கையைக் கிட்டே கொண்டுபோனேன். சில்லென்று இருந்தது... கிணற்று நீர் சில்லென்று இருக்குமே, அப்படி. 'இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடினேன். வெப்ப இயற்பியல் பாடம் எடுக்கிறவன்! ஒரு மாணவன் விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் சுழி போட்டிருப்பேன்.

கூட்டம் வடிந்த பிறகு வண்டி வந்தது. நிரப்பிவிட்டுப் போனார்கள். கேனிலிருந்து பழையபடி புகை பொங்கியது. எல்லாம் முன்பு போலவே. குச்சிகளும் முன்பு போலவே, அழகாக, வரிசையாக, செத்துக் கிடந்தன.

ஏகாம்பரம் திரும்பி வந்தார்.

"வண்டி வந்துச்சா சார்?"

"வந்தது."

பொய் இல்லை. அட்சர சுத்தமான உண்மை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான உண்மை.

அன்றே ஏன் சொல்லவில்லை? அதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன், பல வருடங்கள் அதைத் தடவித் தடவி மெருகேற்றினேன். நான் சொன்னால், அரசாங்க நைட்ரஜனை வெளியாளுக்குக் கொடுத்தார் என்று ஏகாம்பரத்தின் வேலைக்கே ஆபத்து வரும். ஆக, நான் வாயை மூடிக்கொண்டது அவரைக் காப்பாற்றத்தான்! எவ்வளவு நல்ல மனசு எனக்கு...

தை, மாசி. மாடுகள் திரும்பத் திரும்பக் கத்த ஆரம்பித்தன.

முதலில் வந்து சண்டை போட்டவர் கஸ்தூரி. அடி அண்ணாமலையில் ஒரே ஒரு கலப்பினப் பசுவை வைத்துக்கொண்டு வீட்டை ஓட்டுகிற பெண். நான் அன்று நிலையத்து வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாண்ணா இது, மறுபடியும் கத்துது மாடு! போன தபாவும் நிக்கல, அதுக்கு முன்னியும் நிக்கல. எனுக்கு இன்னா, மாட்ட ஓட்டியாரதுதான் வேலையா?"

"தீவனத்துல எதுனா கொறயா கீதாம்மா?"

"என் தீவனத்த கொற சொல்லாத! நா துன்னாம கூட அதுக்குப் போடறேன். உன் கைக்கி இன்னா வந்துச்சு, அத்த சொல்லு!"

ஏகாம்பரம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். குச்சிகளின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கேன் நிறைந்திருந்தது, வண்டி வந்திருந்தது, சாவி நம்பிக்கையான ஆளிடம் இருந்தது. சந்தேகப்பட மிச்சம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

ஒரு குச்சியை உருக்கி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் போதும். உயிர் நெளிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒருவரும் பார்க்கவில்லை. கைராசி போய்விட்டது என்ற விளக்கமே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. என் கல்லூரி ஆய்வகத்துக்கு அடுத்த அறையில் ஏழெட்டு நுண்ணோக்கிகள் இருந்தன... தெரிந்தேதான் சொல்கிறேன்.

பேச்சு வளர்ந்தது. முதலில் கைராசி போச்சு என்றார்கள். அப்புறம், கை எப்படித் திடீரென்று போகும், வேறு ஏதோ இருக்கிறது என்றார்கள். கிரிவலப் பாதை டீக்கடையில் ஒருநாள் நான் உட்கார்ந்திருக்கும்போது கடைக்காரர் ஆரம்பித்தார்.

"நல்ல குச்சியெல்லாம் வெளில தள்ளிட்டு, நம்ம மாட்டுக்குத் தண்ணிய ஏத்தறான்னு பேசிக்கிறாங்க சார். உங்க கூட்டாளியாச்சே, நீங்களே சொல்லுங்க. மெய்யா?"

பெஞ்சில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கஸ்தூரியும் பால் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் "சேச்சே, அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு உண்மையைக்கூட ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அப்படிச் சொன்னால், வேறு யார் என்று கேட்பார்களே? நிலையத்துச் சாவி வேறு யாரிடம் இருந்தது என்று யாராவது...

நான் டீயை உறிஞ்சினேன். புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"அரசாங்க சமாச்சாரம். எனக்கென்ன தெரியும், யாரு கண்டது?"

அவ்வளவுதான். அந்தப் புருவத்தைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தேன். கேனைக் காலி செய்தது முட்டாள்தனம், அதை மன்னிக்க உங்களுக்கு மனசு வரலாம். புருவம்? அதை நான் யோசித்துத்தான் உயர்த்தினேன்!

"படிச்சவரே அப்டி சொல்றாரு," என்றார் கடைக்காரர் பெஞ்சைப் பார்த்து.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஏகாம்பரம் என்ன செய்தார்? விடியற்காலையில் குளித்துவிட்டு மலை சுற்றினார். மூன்று தலைமுறையாக மாட்டு வைத்தியம் பார்க்கிற யாரோ சொன்ன எண்ணெயைக் கையில் பூசினார். ஒருநாள் என்னிடமே வந்தார்.

"என் கையிலதான் ஏதோ ஆயிப்போச்சு சார். உங்க சயின்ஸ்ல இதுக்கு எதுனா கீதா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைராசி என்பதே ஒரு மூடநம்பிக்கை என்று அவருக்கு விளக்கினேன். காரணம் இல்லாமல் காரியம் இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, அன்பாக! அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று எழுந்து போனார். அந்த நடையைப் பார்த்தபோது எனக்குப் பரிதாபம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. இவருக்குத் தெரிந்துவிட்டதோ? என்னை ஆழம் பார்க்க வந்தாரோ?

மேலிடத்திலிருந்து வந்து விசாரித்தார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை, ஆனால் எதுவும் தீரவுமில்லை. கடைசியில் ஏகாம்பரமே எழுதிக் கொடுத்து, வேறு மாவட்டத்தில் மருந்துக் கிடங்கு வேலைக்குப் போனார். மாட்டைத் தொட வேண்டாத வேலை. புதிதாக வந்த ஆய்வாளர் மிச்சமிருந்த பழைய குச்சிகளை ஒதுக்கிவிட்டுப் புதுக் குச்சிகளோடு தொடங்கினார். மாடுகள் சினை பிடித்தன. கஸ்தூரியின் பசு கிடாரிக் கன்று போட்டது. ஆளை மாற்றினார்கள், பலன் மாறியது. ஆகவே குற்றம் ஆளிடம். என் மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் பரிசோதனை முறைப்படியே ஏகாம்பரத்தின் மேல் பழி நிரூபிக்கப்பட்டது!

நான் அதற்குப் பிறகு எதையும் நசுக்கவில்லை. நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினேன். ஜனங்கள் சிரித்தார்கள்.

புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் கழித்து ஏகாம்பரம் ஓய்வு பெற்றுத் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தார். செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம், வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். சாலையில் என்னைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, "நல்லா கீறீங்களா சார்? உங்க கட்டுர படிச்சேன், சிரிச்சிட்டேன்" என்பார்.

ஏன் சிரித்தார்? எதைப் பார்த்துச் சிரித்தார்? வீட்டுக்கு வந்து நான் எழுதியதையே மறுபடி படித்துப் பார்ப்பேன், ஏதாவது காட்டிக்கொடுத்துவிட்டேனா என்று. அவர் சிரிப்பில் ஒரு கொக்கி இருக்கிறது என்று தோன்றும். அவரைத் தவிர்க்கக் குறுக்குச் சந்துகளில் போனேன். தெரிந்துகொண்டுதான் வாட்டுகிறார் என்று ஒருநாளும், பாவம், ஒன்றும் தெரியாதவர் என்று மறுநாளும் நினைத்தேன். இரண்டில் எது எனக்கு நிம்மதி என்று எனக்கே புரியவில்லை.

போன மாதம் போய்ச் சொல்லிவிட்டேன்.

மத்தியான வெயில். மாடியில் விருந்தாளிகளின் போர்வைகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். பிளாஸ்க், எஃகுக் கட்டி, மோகன், தீபம், வராத வண்டி, புகை வராத கேன். டீக்கடைப் புருவத்தையும் சொன்னேன். குரல் நடுங்கியது. அது நிஜமாகவே நடுங்கியதா, நான் நடுங்க வைத்தேனா... தெரியாது.

அவர் ஒரு போர்வையை உதறிப் போட்டு, கிளிப் மாட்டினார்.

"அந்த வில்ல சார்... அது இன்னா ஆச்சு? நடந்துச்சா?"

"இல்ல. நசுங்கிப் பொடியாயிடுச்சு. ஒயரு ரெண்டும் ஒட்டிக்கிச்சு."

"ஓ."

அடுத்த போர்வையை எடுத்தார். நான் காத்திருந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அழுவார் என்றும் எதிர்பார்த்தேன், மன்னித்தேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். எதுவும் நடக்கவில்லை. அந்த வலது கையை மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி போர்வைக்குள் விட்டுப் பிழிந்தார்.

"உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் அப்ப சொல்லல ஏகாம்பரம்," என்றேன். மெருகேற்றி வைத்திருந்த அந்தக் காரணத்தைக் கடைசியில் எடுத்து வைத்தேன்.

அவர் பிழிந்த போர்வையை உதறினார். நான் படியிறங்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரை வந்துவிட்டேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவர் குரல் கொடுத்தார். கோபமில்லாத குரல். யாருக்கோ வழி சொல்வது போல.

"கேன் காயறது எல்லா ஸ்டேஷன்லயும் நடக்கறதுதான் சார். அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, அந்தக் குச்சிங்கள கொட்டிட்டு பெரிய மாட்டாஸ்பத்திரில போயி வேற வாங்கியாந்திருப்பேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அரை நாள் வேல."